மேகம் திருட வந்தவருக்கு இலை போட்டேன்

என் மேகத்தைத் திருடியவர் மிகவும் மரியாதை தெரிந்தவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது வந்து, அந்த மனுசரைப் பற்றி நீ இப்படிப் பேசலாமா என்று என்னிடம் நியாயம் கேட்பார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் என் வரப்பில் ஏறினார். திருடப்போகும் மேகத்தைப் பார்த்து ஒரு கும்பிடு வேறு போடுவாராம். இந்த ஊரில் திருடாத ஆட்களிடம்கூட அந்த மரியாதையை நான் கண்டதில்லை.

எங்கள் நிலம் ராசிபுரத்துக்குத் தெற்கே, கிழக்கில் கொல்லிமலை தெரிகிற இடத்தில் இருக்கிறது. அப்பா போன பிறகு என் பங்கைக் கேட்டேன். கல்யாணம் பண்ணிப் போனவளுக்கு என்ன பங்கு என்றார் என் அண்ணன் முருகானந்தம். அண்ணன் போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். எங்கே குத்தினாலும் தண்ணீர் வரும் என்று ஊருக்கெல்லாம் சொல்லி ஓட்டை போடுகிறவர். அவர் நிலத்தில் அவரே போட்ட ஓட்டைகளில் இதுவரை புழுதிதான் வந்திருக்கிறது. கோயிலில் ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்துப் பேசினோம். இவளுக்கு வெள்ளாமை தெரியாது, நிலத்தைக் கெடுத்துவிடுவாள் என்று அண்ணன் அங்கே வேறு பாட்டுப் பாடினார்.

எனக்குக் கோபம் வந்தால் முன்னே பின்னே யோசிக்கத் தெரியாது. "இந்த வருசம் கடலை போடறேன். வெளஞ்சு ஊடு வந்து சேந்துதுன்னா நெலம் எனக்கு. இல்லீன்னா நானே அண்ணன் கையில குடுத்தர்றேன்" என்று சாமி முன்னால் சொல்லிவிட்டேன். அன்று அண்ணன் முகத்தில் பார்த்த சந்தோஷத்தை அவர் மகள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

முதல் மழையில் விதைத்தேன். முளைத்தது, களை எடுத்தேன், மஞ்சள் மஞ்சளாகப் பூவும் பூத்தது. பூத்த பிறகு கடலைச் செடியிலிருந்து விழுது இறங்கும். அந்த விழுது மண்ணுக்குள் போனால்தான் காய். மண் கல்லாகக் கிடந்தால் விழுது வெயிலில் காய்ந்து தொங்கும், செடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போட வேண்டியதுதான். ஒரே ஒரு நல்ல மழை கிடைத்தால் போதும், நிலம் எனக்கு.

மேகம் வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், வந்தது. மத்தியானமானால் கொல்லிமலைப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு கிளம்பி, என் கடலைக் காட்டுக்கு நேர் மேலே வந்து நிற்கும். பிறகு ஒரு ஓரத்திலிருந்து பாயைச் சுருட்டுவது போலச் சுருண்டு காணாமல் போய்விடும். டிவியில் ஓரிரு இடங்களில் மழை பெய்யும் என்றார்கள். பிறந்ததிலிருந்து கேட்கிறேன், அந்த ஓரிரு இடங்கள் எங்கேதான் இருக்கின்றன என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஊர்க்காரர்கள் செல்போன் டவர்தான் காரணம் என்று செல்போனில் பேசிக்கொண்டார்கள். லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் தீர்த்தகிரி நாக்பூரிலிருந்து கூப்பிட்டு, அங்கே மழை கொட்டித் தீர்ப்பதாகவும் வண்டியை நகர்த்த முடியவில்லை என்றும் சலித்துக்கொண்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

ஒரு நாள் பக்கத்துக் காட்டில் அண்ணன் இன்னொரு ஓட்டை போடுவதற்காக ரிக்கின் கோபுரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தார். வெறும் ஆகாயத்தில் டமாரென்று ஒரு சத்தம். கோபுரத்தின் நுனி வளைந்துவிட்டது. மேலே பார்த்தால் ஒன்றும் இல்லை. அண்ணன் வழக்கம்போல் வேலையாட்களைத் திட்டினார்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வரப்பு மேல் நடந்து வந்து, "அம்மிணி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா" என்று கேட்டார். சொம்பில் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஆம்பிளை எவனும் குடித்த சொம்பைக் கழுவ மாட்டான்.

பெயர் ஆனந்தகுமார் என்றார். என்ன தொழில் என்று கேட்டதற்கு, கூச்சப்பட்டுக்கொண்டே திருட்டு என்றார். எந்த ஊர் என்றேன். இதே ஊர்தான், ஆனால் இன்னும் வெகு காலம் கழித்து என்றார். அவருடைய காலத்தில் காவேரி இல்லையாம், மாம்பழம் இல்லையாம், வெளியே மேகம் என்று ஒன்று இல்லவே இல்லையாம். எல்லாம் போய், கடைசியில் இந்த 'ங்க' மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது.

பணக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் அங்கே மண்டபத்தில் மேகம் நிறுத்த வேண்டுமாம். மேடைக்குப் பின்னால் ஒன்று, பந்திக்கு மேலே ஒன்று, வாழைமரம் கட்டுகிற மாதிரி வாசலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. இவர் பழைய காலத்துக்குள் வண்டியை ஓட்டி வந்து மேகத்தைச் சுருட்டிக்கொண்டு போய்க் கொடுக்கிறார். இப்போது எடுத்திருக்கும் கல்யாணத்துக்கு மற்றதையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார், வாசல் மேகம் ஒன்று மட்டும் பாக்கி.

என் கை தானாகக் களைக்கொத்தைத் தேடியது. அவர் ஓடவில்லை. நின்று பதில் சொன்னார்.

"நான் யாருக்கும் நட்டம் பண்றதில்லீங்க. இந்த வருசம் இந்தக் காட்டுல மழை பேயலைங்கறது எங்க காலத்துல தெரிஞ்ச சங்கதிங்க. பேயாத மேகத்தத் தானுங்க எடுக்கறேன்."

"நீங்க எடுத்ததுனாலதான் பேயல."

அவர் வெகுநேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "அப்படியும் இருக்கலாமுங்க. ஆனா கல்யாணம் நிச்சயமாயிருச்சுங்களே" என்றார்.

கடலையை அவருக்குக் காட்டினேன். விழுது எப்படி இறங்கும், மண் எப்படிக் கிடக்கிறது, சாமி முன்னால் நான் என்ன சொல்லியிருக்கிறேன், எல்லாவற்றையும் சொன்னேன். கண் கலங்கக் கேட்டார், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றார், மேகத்தை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது என்றார். வாக்குக் கொடுத்துவிட்டாராம். கொள்ளையடிக்கிறவனுக்கு வாக்குச் சுத்தம் வேறு.

வண்டி எங்கே என்று கேட்டுக்கொண்டே ஓரடி எடுத்து வைத்தேன், நெற்றி எதிலோ முட்டியது. என் காட்டு நடுவில் லாரி அகலத்துக்கு ஒன்று அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாது, கைக்கு மட்டும் தெரியும். ரிக் கோபுரம் இடித்ததில் அடிப்பக்கம் கிழிந்துவிட்டதாம். அந்தக் கிழிசலோடு இங்கே சுற்றலாம், மேகம்கூடச் சுருட்டலாம், ஆனால் அவர் காலத்துக்குத் திரும்பிப் போக முடியாதாம். பக்கத்தில் நல்ல பட்டறை ஏதாவது இருக்கிறதா என்று பணிவாக விசாரித்தார்.

அந்த நிமிஷம் எனக்கு மூளை வேலை செய்தது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற காளியப்பன் எங்களுக்குப் பழக்கம். கைத்திறமைக்கு அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் எதையும் சொன்ன நாளில் கொடுத்ததாகச் சரித்திரம் கிடையாது. என் வீட்டுக்காரர் லாரியைக் கதவு மாட்ட விட்டுவிட்டு வந்து, திரும்பப் போய்ப் பார்த்தபோது கேபினுக்குள் ஒரு கோழி குஞ்சு பொரித்திருந்தது. இந்த வண்டியும் அங்கே போய் மாட்டிக்கொண்டால் அடுத்த மேகம் எவன் தொந்தரவும் இல்லாமல் என் காட்டில் பெய்துவிட்டுப் போகும். நானே கூட்டிக்கொண்டு போகிறேன், வாங்க என்றேன். உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசுங்க என்றார்.

வாடகை டிராக்டரின் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனேன். பின்னால் ஒன்றுமில்லாமல் கயிறு மட்டும் விறைப்பாக வந்தது. வழியில் போனவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை. டோல்கேட்டில் குறுக்குக் கட்டை இறங்கி அந்தரத்தில் டங்கென்று மோதி எகிறியது. பின்னால் என்ன வருகிறது என்று கேட்ட பையனிடம், காற்று வருகிறது, அதற்கும் வசூல் பண்ணுகிறீர்களா என்று கேட்டேன். அவன் மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றான்.

காளியப்பன் வண்டியைத் தடவிப் பார்த்தார். பட்டறைக்குள் வருவது எதுவானாலும் அவருக்கு வண்டிதான், அதனால் கண்ணுக்குத் தெரியவில்லையே என்று ஆச்சரியப்படவில்லை. என்ன தகடு, எத்தனை டன் இழுக்கும் என்று மட்டும் கேட்டார். நான் அவரைத் தனியே கூப்பிட்டு, எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுங்க, அவசரமே இல்லை என்று காதில் போட்டேன். அதெல்லாம் எனக்குச் சொல்லித் தரணுமா என்று சிரித்தார்.

ஆனால் ஆனந்தகுமார் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "நீங்க எப்ப முடிச்சாலும் சரிதானுங்க, உங்க சௌகரியம் தானுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். காளியப்பனுக்கு இத்தனை வருசத் தொழிலில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. வசவு வாங்கியே பழகின மனுசன், என்ன செய்வதென்று தெரியாமல் மூன்றாம் நாளே வேலையை முடித்துவிட்டார். அந்த மூன்று நாளும் பார்த்துக் கொல்லிமலைப் பக்கம் ஒரு மேகம்கூடக் கிளம்பவில்லை. போன் வந்ததும் பதறிக்கொண்டு நாமக்கல்லுக்கு ஓடினேன்.

போய்ப் பார்த்தால் வண்டி தெரிந்தது. கண்ணைப் பறிக்கும்படி தெரிந்தது. எங்கே வெல்டு வைப்பது என்று தெரிய வேண்டுமில்லையா, அதனால் காளியப்பன் முதலில் வண்டி முழுக்க ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்திருக்கிறார். பிரைமரோடு ஒரு வண்டியை வெளியே அனுப்பினால் பட்டறைக்குக் கேவலம், அதனால் மேலே மஞ்சளும் பச்சையும் அடித்திருக்கிறார். முன்னால் திருஷ்டிக்கு உருட்டி விழிக்கிற இரண்டு கண். பக்கவாட்டில் மயில், தாமரை, நேஷனல் பெர்மிட். பின்னால் ஹாரன் அடிக்கச் சொல்லி ஒரு வரி. சாமி பேர் இல்லாமல் ஒரு வண்டி அந்தப் பட்டறை வாசலைத் தாண்டியதில்லை. அதனால் 'கருப்பண்ணசாமி துணை' என்று எழுதிய பெரிய பலகையை மூக்கில் வைத்து, டிரில் போட்டு, போல்ட்டு முடுக்கியிருந்தார். ஊர் உலகத்தில் யார் கண்ணுக்கும் தெரியக்கூடாது என்று எவனோ மெனக்கெட்டுச் செய்த வண்டி அது.

நாமக்கல் ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு வந்த ஆனந்தகுமார் அதைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. காளியப்பன் கையைக் கட்டிக்கொண்டு, எப்படிங்க இருக்குது என்று கேட்டார். ஆனந்தகுமார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார். மரியாதைக்காரன் பிழைப்பு அவ்வளவுதான்.

வண்டிக்குப் பூஜை போட்டார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கச் சக்கரம் இல்லாததால், நாலு பேர் மேலே ஏறி உட்கார்ந்து வண்டியை அமுக்கி நசுக்கினார்கள். ஆனந்தகுமார் எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு ஏறிப் போனார். போகும்போது என்னிடம் மன்னிப்பும் கேட்டார். இன்னும் ஒரே ஒரு மேகம் மட்டும் எடுத்துக்கொண்டு ஊரைப் பார்க்கப் போய்விடுகிறேன் என்றார்.

மறுநாள் மத்தியானம் கொல்லிமலை கறுத்தது. அவ்வளவு கனத்த மேகத்தை அந்த வருசம் நான் பார்க்கவில்லை. கூடவே ஆகாயத்தில் இரண்டு உருட்டு விழிகளும் ஒரு மயிலும் கருப்பண்ணசாமியின் பேரும் மிதந்து வந்தன. ஊரே வெளியே ஓடி வந்தது. திருடன், திருடன் என்று கத்தினேன். ஒரு ஆள் கேட்க வேண்டுமே. பலகையைப் படித்தவர்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அண்ணன் தன் காட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நான் கோயிலில் பேசின பேச்சுக்குக் கருப்பணனே பதில் சொல்ல வந்துவிட்டதாக எழுந்து அறிவித்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, என் மேகம் ஓரத்திலிருந்து சுருண்டு அந்த மூக்குக்குள் போய் முடிந்தது.

விழுதெல்லாம் நுனி கருக ஆரம்பித்திருந்தது, இன்னொரு மேகத்துக்கு அது தாங்காது. காளியப்பனுக்குப் போன் போட்டு, அந்தப் பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டேன். உள்ளே ஒரு தொட்டி மாதிரி இருந்தது, அதிலேதான் ஓட்டை போட்டேன் என்றார். ஒழுகுமா என்றேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் ரப்பர் வாஷர் கொடுத்திருக்கிறேன், கழற்றினால் ஒழிய ஒரு சொட்டு ஒழுகாது என்றார். எனக்கு அது போதும்.

வாசலில் நின்று இரண்டு கையையும் தூக்கி அவரைக் கூப்பிட்டேன். "ஏனுங்க, கடைசியாப் போறீங்க. ஊட்டுல ஒரு வாய் சாப்பிடாமப் போனா எனக்கு மனசு கேக்குங்களா?"

மேகத்தை விட்டுக்கொடுக்காத மனுசர், இதை மறுக்க முடியாமல் தவித்தது கீழே நின்ற எனக்கே தெரிந்தது. வண்டி ஆடி அசைந்து இறங்கி, என் கடலைக் காட்டுக்கு மேலே ஆள் உயரத்தில் நின்றது. அவர் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். இலை போட்டேன். நாட்டுக்கோழிக் குழம்பு ஊற்றினேன். அவர் காலத்தில் கோழி என்பது படத்தில் இருக்கிற ஒன்றாம். முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

ரசம் எடுத்து வருகிறேன் என்று பின்வாசல் வழியாக ஓடினேன். என் வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போன ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, ஒரு டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினேன். பாழாய்ப் போன காளியப்பன் முடுக்கினால் முடுக்கினதுதான். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. முதல் போல்ட்டு விட்டதும் உஸ்ஸென்று வெள்ளையாகக் கிளம்பியது. அடுத்ததும் விட்டது. பலகை பிய்த்துக்கொண்டு என் காலடியில் விழுந்தது. மேகம் குபுகுபுவென்று வெளியே வந்து, மேலே ஏறி, தன் இடத்தில் போய் நின்றது. முதல் சொட்டு என் மூக்கில் விழுந்தபோது நான் அழுதேன். ஆமாம், அழுதேன், அதற்கென்ன.

சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு ரசச் சட்டியோடு உள்ளே போனேன். ஓட்டின்மேல் மழை இரைந்துகொண்டிருந்தது. ஆனந்தகுமார் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. பாதி இலையில் எழுந்திருப்பது பந்தியில் உட்கார வைத்தவரை அவமானப்படுத்துவது என்று அவரை வளர்த்தவர்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தன் மேகம் கொட்டித் தீர்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ரசம் ஊற்றினேன்.

"அம்மிணி" என்றார் ரசத்தைப் பிசைந்துகொண்டே. "இந்தக் காட்டுல இந்த வருசம் மழை பேயலைங்கறது எங்க காலத்துல தெரிஞ்ச சங்கதின்னு நான் சொன்னேனுங்களே. அதனாலதான் இந்த நெலம் எங்களுக்கு வந்துச்சுங்க."

"எங்களுக்குன்னா யாருக்கு?"

"முருகானந்தம் அய்யா வழிங்க நானு. எங்க ஊடு இந்த எடத்துல தானுங்க இருக்குது."

கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. என் அண்ணன் மண்ணைக் குத்திக் குத்தி ஒரு சொட்டுத் தண்ணீர் எடுக்கவில்லை. அவர் வம்சம், நான் செத்துச் சாம்பலாகி அத்தனை தலைமுறை போன பிறகும், ஆகாயத்து வழியாக வந்து என் மழையைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. அதுவும் செருப்பைக் கழற்றிவிட்டு.

"என்னையப் பத்தி உங்க ஊட்டுல என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டேன்.

அவருக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை. "ஒரு அத்தை இருந்தாங்கன்னு சொல்லுவாங்க. வெள்ளாமை தெரியாதவங்களாம்."

"அவ்வளவுதானா? அந்த அத்தைக்குப் பேரு?"

"பேரு யாருக்கும் தெரியாதுங்க."

மோர் ஊற்றினேன். அவர் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, இலையைத் தன் பக்கமாக மடித்து, தானே எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுக் கை கழுவினார். வாசலுக்கு வந்து நின்று பார்த்தோம். சால் சாலாகத் தண்ணீர் நின்றது. செடிகள் மழையில் படுத்திருந்தன. இந்த ஈரத்துக்கு விழுது இறங்கிவிடும், இனி அதை எவனாலும் நிறுத்த முடியாது. அண்ணன் தன் வரப்பில் நனைந்தபடி நின்று, கருப்பணன் ஏன் கட்சி மாறிவிட்டான் என்று புரியாமல் என் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனந்தகுமார் மழையில் இறங்கினார். அப்போதும் செருப்பு கையில்தான் இருந்தது. காலி வண்டியைப் பார்த்தார், கடலையைப் பார்த்தார். திரும்பிப் போனால் அவர் வீடு அங்கே இருக்குமா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியாது. என்னைக் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கையைக் கூப்பினார்.

"சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. போயிட்டு வாரேனுங்க."

எங்கள் ஊரில் இதற்குப் போயிட்டு வாங்க என்று சொல்ல வேண்டும். கரண்ட்டைப் பிடுங்க வந்த ஆளுக்குக்கூட நான் அப்படிச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன். வாய் வரைக்கும் வந்தது.

"என்ற பேரு கமலவேணி" என்றேன். "போங்க."